மகளுக்கு ஒரு நிற்கும் அட்டை

போன மார்கழியில், என் எழுபத்தோராவது வயதில், நான் ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை செய்தேன். தாளை அளந்து வெட்டி, மடித்து, அழிரப்பரிலும் வெண்டைக்காயிலும் அச்சு செய்து, ஒவ்வொன்றாகக் குத்தி, பசை தடவி, மேசைமேல் எந்தப் பிடிமானமும் இல்லாமல் தானாக நிற்கும்படி செய்த அட்டை. நின்றது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. தாலுக்கா அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட கோப்புகளை அடுக்கினால் ஒரு அறை நிறையும். அவற்றில் ஒன்றைக்கூட என் வேலை என்று எனக்குச் சொல்லிக்கொள்ளத் தோன்றியதில்லை. ஒரு சாண் உயரமுள்ள அந்த அட்டையைச் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் அதை ஏன் செய்ய நேர்ந்தது என்பதை விட்டுவிட்டுப் பெருமையை மட்டும் எழுதினால் அது பாதிப் பொய். ஆகையால் முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். படித்து முடித்து, திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தாள். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தாள். அதே பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தவரை விரும்பினாள். அவர் கிறிஸ்தவர், சாதியும் வேறு. இரண்டையும் ஒரே நாளில் கேள்விப்பட்ட நான், இரண்டுக்கும் சேர்த்து ஒரே வார்த்தையில் முடியாது என்றேன். அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என் சம்மதம் சட்டப்படி அவளுக்குத் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் சொன்னேன். திண்டிவனத்துத் தேவாலயத்தில் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை. என் மனைவியையும் போக விடவில்லை.

அந்த வருடம் டிசம்பர் மாதம் தபால்காரர் ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்தார். என் பெயர் அவளுடைய கையெழுத்தில் இருந்தது.

“பொண்ணுகிட்டேர்ந்து வந்திருக்குது சார்,” என்றார் தபால்காரர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தேன். உறையின் மேலேயே ‘பெற மறுத்துத் திருப்பப்படுகிறது’ என்று எழுதி, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டு அவர் கையிலேயே கொடுத்தேன்.

“வாணாம் சார். உள்ள ஒரு மூலையில போட்டு வைங்க. படிக்கக்கூட வாணாம்.”

“எழுதிட்டேன் இல்ல? எடுத்துக்கினு போங்க.”

அலுவலகத்தில் அழகான கையெழுத்து என்று பெயர் வாங்கியவன் நான். அன்றைக்கும் எழுத்து அழகாகத்தான் விழுந்தது.

இரண்டு மூன்று நாள் கழித்து, உறை அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது என் மனைவி போனை வைத்துவிட்டு வந்து நின்ற விதத்திலேயே தெரிந்தது.

“தொறந்தாவது பாத்தீங்களா?”

“எதுக்குப் பாக்கணும்?”

“கையால செஞ்ச கார்டாம். பிரிச்சி வெச்சா உள்ளேர்ந்து குடிசை எழும்பி நிக்குமாம். ஸ்கூல் உட்டு வந்து ரெண்டு வாரம் ஒக்காந்து செஞ்சிருக்கிறா. நீங்க ரெண்டு நிமிஷத்துல திருப்பி உட்டுட்டீங்க.”

அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் மனைவி மட்டும் காலை பஸ்ஸில் திண்டிவனம் போய் மாலையில் திரும்பினாள். நான் அனுப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வரும்போது ஒரு தூக்கில் கல்கல்லும் அதிரசமும் கொண்டுவருவாள். அவற்றை எடுத்துத் தின்றேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி நான் எதுவும் கேட்டதில்லை. கேட்கும் தகுதியை நானே தொலைத்திருந்தேன்.

ஒரு வருடம் ஊரிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “குடில் பக்கத்துல வரிசையா கார்டு நிக்க வெச்சிருக்கிறாங்க. அவரு மாமா ஊட்லேர்ந்து, அத்தை ஊட்லேர்ந்து, ஸ்கூல்லேர்ந்து. நம்ம பக்கத்துலேர்ந்து ஒண்ணு இல்ல.”

அவள் குத்திக்காட்டச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னாள். அது என் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த வரிசையில் எங்கள் வீட்டு அட்டை ஒன்று நிற்க வேண்டும், அதை அவள் கையால் நிறுத்த வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் வந்தது. வந்த பிறகும் இரண்டு வருடம் சும்மா இருந்தேன். மனம் மாறியதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மொத்தம் ஆறு வருடம் பிடித்தது, அவ்வளவுதான்.

போன கார்த்திகை கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த பரிசுப்பொருள் கடைக்குப் போனேன். அட்டைகள் இருந்தன. திறந்தால் பாட்டுப் பாடுவதுகூட இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அவள் கையால் செய்ததை மறுத்தவன், கடையில் வாங்கியதைக் கொண்டுபோய் எந்த முகத்தோடு நீட்டுவது? செய்வதென்றால் நானும் கையால்தான் செய்ய வேண்டும். நிற்கும்படியாகத்தான் செய்ய வேண்டும்.

போனில் தேடினேன். ஒரு அம்மாள் பத்து நிமிடத்தில் ஒரு அட்டையைச் செய்து நிறுத்திக் காட்டினார். அவரிடம் இருந்த சாமான்களில் பாதி விழுப்புரத்தில் கிடைக்காது. ஆனால் வித்தை பிடிபட்டது. நீளமான ஒரு அட்டையை நடுவில் மடித்தால் வழக்கமான வாழ்த்து அட்டை ஆகிவிடும். அதன் முன்பக்கத்தை மறுபடி நடுவில் வெளிப்பக்கமாக மடித்து, கீழ்ப்பாதியில் மட்டும் பசை தடவி, படம் இருக்கும் தாளை அதில் ஒட்ட வேண்டும். மூடினால் சாதாரண அட்டை. தூக்கி நிறுத்தினால் அடிப்பாகம் மேசையில் படுத்திருக்க, படம் மட்டும் சாய்ந்து நிற்கும். அது வழுக்காமலிருக்க அடிப்பாகத்தில் குறுக்காக ஒரு தடுப்பு ஒட்ட வேண்டும். அந்தத் தடுப்புதான் உயிர். அந்த அம்மாள் அதற்கு ஏதோ ஒட்டுப்பட்டை வைத்திருந்தார். நான் தீப்பெட்டியின் பக்கத்தை வெட்டி இரண்டாக ஒட்டினேன்.

முதல் மூன்றும் நிற்கவில்லை. கடையில் வாங்கிய சார்ட் தாள் மெல்லியது; நின்ற கொஞ்ச நேரத்தில் முதுகு வளைந்து, பெருமாளைச் சேவிப்பது போலக் குனிந்தது. கெட்டி அட்டை வேண்டும். வீட்டில் இருக்கும் கெட்டி அட்டை எதுவென்று யோசித்தேன். பரண்மேல் ஒரு பை நிறையக் கல்யாணப் பத்திரிகைகள் இருந்தன. ஊரார் கல்யாணங்கள் எல்லாவற்றுக்கும் போய் மொய் எழுதிச் சாப்பிட்டு வந்தவன் நான். பத்திரிகைகளையும் எறியாமல் சேர்த்து வைத்திருந்தேன். அவற்றில் ஒரு நீளமான, பளபளப்பில்லாத அட்டையை எடுத்து வெட்டினேன். அச்சு இருந்த பக்கத்தை வெள்ளைத்தாள் ஒட்டி மறைத்தேன். என் மகளுக்கு அப்படியொரு பத்திரிகை எங்கள் வீட்டிலிருந்து அச்சாகவில்லை என்பது கத்தரிக்கோல் ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவுக்கு வந்தது. வெட்டுவதை நிறுத்தவில்லை. அந்த அட்டை நின்றது. மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன், அப்போதும் நின்றது.

அடுத்தது அச்சுகள். இங்கே நான் கொஞ்சம் பீற்றிக்கொள்ள அனுமதிக்க வேண்டும். முத்திரை குத்துவது என் தொழில். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தட்டல். உண்மையில் அது அப்படியில்லை. மையில் தொட்டதும் முதலில் வேண்டாத தாளில் ஒருமுறை வைத்து எடுக்க வேண்டும். பிறகு நேராக இறக்கி, அழுத்தி, நான்கு பக்கமும் லேசாக மணிக்கட்டைச் சாய்த்து, சட்டென்று செங்குத்தாகத் தூக்க வேண்டும். இழுத்தால் வால் விழும். நான் குத்திய வட்ட முத்திரையில் ஒரு எழுத்துகூட மங்கியதில்லை என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். எழுத்துகளைத் திருப்பிப் போட்டுச் செதுக்க வேண்டும் என்பதும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளைகள் வாங்கும் பெரிய அழிரப்பர் ஐந்து வாங்கி, பிளேடால் செதுக்கினேன். ஒன்றில் ‘வாழ்த்து’. ஒன்றில் ஓலைக்குடிசை. ஒன்றில் ஆடு.

ஆட்டைக் குத்திக் காய வைத்திருந்தேன். என் மனைவி காப்பி கொண்டுவந்தவள் குனிந்து பார்த்தாள்.

“நாயி எதுக்கு?”

“ஆடு.”

“காது நிமிந்து நிக்குது, வாலு சுருட்டிக்கினு இருக்குது. ஆடுன்றீங்க?”

“செம்மறி ஆடு.”

“செம்மறி ஆட்ட ஊட்டுக்கு வெளிய கட்டிவெச்சா திருடன் வர மாட்டான் போலக்குது.”

வேறு ரப்பரில் மறுபடி செதுக்கினேன். இரண்டாவது ஆடு ஆடாகவே வந்தது. அவள் எதுவும் சொல்லாமல் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

நட்சத்திரத்துக்கு வெண்டைக்காய். குறுக்கே வெட்டினால் அதற்குள்ளேயே ஐந்து முனை இருக்கிறது, செதுக்கவே வேண்டாம். ஆனால் பிஞ்சில் அது ஆகாது. தண்ணீரும் பிசினுமாக நசுங்கிவிடும். முற்றிய காய் வேண்டும். உழவர் சந்தையில் வெண்டைக்காய்க் கூடை வைத்திருந்த அம்மாவிடம் போய் நின்றேன்.

“பெரியவரே, மொனைய ஒடிக்காதீங்க. எல்லாம் பிஞ்சுதான். காலையில பறிச்சது.”

“பிஞ்சு வாணாம்மா. முத்தினது இருந்தா குடு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “முத்தினதா? மாட்டுக்கா?”

“இல்லம்மா, ஊட்டுக்குத்தான்.”

“ஊட்ல அம்மா ஏதாவது கோச்சிக்கினாங்களா?”

பக்கத்துக் கடைக்காரி சிரித்துவிட்டாள். அந்த அம்மா, கூடைக்குப் பின்னால் கழித்துப் போட்டிருந்த கும்பலிலிருந்து ஏழெட்டை எடுத்து என் பையில் போட்டாள். அவற்றை அங்கேயே ஒவ்வொன்றாகத் திருப்பி, ஐந்து வரி இருப்பவை எவை, ஆறு வரி இருப்பவை எவை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். “பாவம்” என்று அவள் பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது.

வானத்துக்குக் கருநீலத் தாள் வெட்டி வைத்திருந்தேன். கருநீலத்தின்மேல் எந்த மையும் எடுபடவில்லை. கறுப்பு, ஊதா, சிவப்பு, பச்சை எல்லாம் போய் ஒளிந்துகொண்டன. வெள்ளை மைப்பெட்டி என்று ஒன்று விழுப்புரத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் பெட்டிக்கடையில் வெற்றிலைக்குத் தரும் சுண்ணாம்பு வாங்கி, கொஞ்சம் பசை கலந்து, துணியில் தடவி, அதில் வெண்டைக்காயைத் தொட்டுக் குத்தினேன். ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. காயக் காய ஒவ்வொரு நட்சத்திரமாக வெளியே வந்தது. பதினேழு குத்தினேன். பதினேழும் ஐந்து முனையோடு, நடுவில் விதையறைகளோடு, பளீரென்று. என் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நல்லாத்தான் இருக்குது” என்றாள். அவள் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை.

உள்ளே என்ன எழுதுவது என்பது இதையெல்லாம் விடப் பெரிய பாடாக இருந்தது. முதலில் எழுதிய வரைவைப் படித்துப் பார்த்தால், ‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ என்று தொடங்குவது ஒன்றுதான் குறை. மற்றபடி முழுக்க அலுவலகக் கடிதம். வருந்தத்தக்கது, தவிர்த்திருக்கலாம், சூழ்நிலை காரணமாக. சூழ்நிலை ஒன்றும் இல்லை. நான்தான் இருந்தேன். அதைக் கிழித்துவிட்டு, தடுப்புக்குக் கீழே இருந்த இடத்தில் இவ்வளவு மட்டும் எழுதினேன்: ‘நீ அனுப்பியதை நான் திருப்பி அனுப்பியது தவறு. அப்பா.’

அட்டை முடிந்தது. அப்போதுதான் அந்தத் தவற்றைச் செய்தேன்.

வெட்டிய பத்திரிகையின் மிச்சத் துண்டுகள் மேசைமேல் கிடந்தன. அவற்றின் மூலைகளில் யாரோ தடவிய மஞ்சள் இன்னும் இருந்தது. நல்ல காரியமாகப் போகும் எந்தத் தாளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். பத்திரிகை, ஜாதகம், பத்திரத்தின் நகல்கூட. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும். சமையலறைக்குப் போய் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வந்து, மோதிர விரலால் நீலத்தாளின் நான்கு மூலைகளிலும் தொட்டு வைத்தேன். மேலிரண்டு மூலைகளிலும் நட்சத்திரங்கள் இருந்தன. விரலை எடுப்பதற்குள் அவை சிவந்தன.

நான் கல்லூரியில் வேதியியல் படித்துப் பட்டம் வாங்கியவன். சுண்ணாம்பில் மஞ்சள் பட்டால் என்ன ஆகும் என்பதற்கு எனக்கு முதல் வருடத்திலேயே பாடம் உண்டு. பட்டமெல்லாம் எதற்கு, ஆரத்தி கரைக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். எனக்கு அந்த நிமிடம் தெரியவில்லை. அந்தச் சிவப்பைப் பார்த்ததும், இத்தனை நாள் நான் யாரிடமும் சொல்லாத இன்னொன்று மேலே வந்து நின்றது.

கல்யாணமான மறு வாரம் அவர்கள் இருவரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வருவது என் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது. தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, நடுவில் வெற்றிலைமேல் கற்பூரம் வைத்துத் தயாராக வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். நான் உள்ளேயிருந்து போய், அவள் கையிலிருந்து தட்டை வாங்கி, அவர்கள் பார்க்க, வாசற்படிக்குப் பக்கத்தில் சாக்கடையில் கவிழ்த்தேன். கத்தவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடக் கோபத்தில் செய்தான் என்று சொல்லலாம். நிதானமாகக் கவிழ்த்து, தட்டை உதறி, மனைவியிடம் கொடுத்தேன். என் மகள் அழவில்லை. “சரிப்பா” என்றாள். வந்த ஆட்டோ இன்னும் திரும்பிப் போகாமல் நின்றது. அதிலேயே ஏறிப் போனார்கள். அதன் பிறகும் அவள் எனக்கு ஒரு அட்டை செய்து அனுப்பினாள். அதைத்தான் நான் திருப்பினேன்.

என் மனைவி வந்து பார்த்தபோது நான் இன்னொரு நீலத்தாளை எடுத்து அளந்துகொண்டிருந்தேன்.

“என்னா பண்றீங்க?”

“கெட்டுப்போச்சி. வேற செய்யணும்.”

அவள் அட்டையைக் கையில் எடுத்துச் சிவந்த இரண்டு நட்சத்திரங்களையும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வாணாம். இதுவே இருக்கட்டும்.”

“ரெண்டு மட்டும் செவப்பா...”

“இருக்கட்டும்ன்றேன் இல்ல?” என்று சொல்லிவிட்டு, அட்டையை ஜாக்கிரதையாக மேசையில் நிறுத்தினாள். நான் கையிலிருந்த தாளைச் சுருட்டி வைத்தேன். மறுநாள் பார்த்தபோது அந்தச் சிவப்பு காய்ந்து செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது.

தபாலில் அனுப்புவதாகத்தான் முதலில் நினைத்திருந்தேன். உறைகூட வாங்கிவிட்டேன். என் மனைவி கேட்டாள்: “அவளும் எழுதித் திருப்பி உட்டான்னா?”

“உடட்டும். அவளுக்கு உரிமை இருக்குது.”

“அத தபால்காரருகிட்ட சொல்ல வெக்காதீங்க. மூஞ்சிக்கு நேரா சொல்லட்டும்.”

அவள் சொன்னது சரி. தபாலில் போட்டால், மறுக்கும்போது அவள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. என் முகத்தை அவளும் பார்க்க வேண்டியதில்லை. போன முறை நான் செய்ததற்கு அந்த வசதிதானே துணையாக இருந்தது. அட்டையை நிறுத்திய நிலையிலேயே ஒரு பழைய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் துணியை அணைத்து எடுத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலை இருவரும் திண்டிவனம் பஸ்ஸில் ஏறினோம். வெளியே எதிரில் வரும் லாரியின் விளக்கு மட்டும் தெரியும் அளவுக்குப் பனி.

“பெரியவரே, டப்பாவ மேல வெச்சிட்டு வசதியா ஒக்காருங்க,” என்றார் கண்டக்டர்.

“மேல வாணாம். மடியிலயே இருக்கட்டும்.”

“உள்ளார என்னா, முட்டையா?”

“அதுக்கும் மேல,” என்றாள் என் மனைவி.

அவர்கள் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம் ஒன்று தொங்கியது. உள்ளே பல்பு எரிந்துகொண்டிருந்தது. மருமகன்தான் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் கதவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு, “வாங்க மாமா,” என்று ஒதுங்கி வழிவிட்டார். நான் அந்தச் சொல்லுக்குத் தயாராக இல்லை. செருப்பைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டேன்.

அவருடைய அம்மா கூடத்தில் கால்நீட்டி உட்கார்ந்து கல்கல் மாவை முள்கரண்டியின் முதுகில் தேய்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“வாங்க சம்மந்தி. விழுப்புரத்துலேர்ந்து இங்க வர ஆறு வருஷம் ஆயிருக்குதே, பஸ்ஸு அம்மாம் லேட்டா?”

“லேட்டுதாங்க,” என்றேன்.

“ஒக்காருங்க, ஒக்காருங்க. நின்னுக்கினே இருந்தா இன்னும் லேட்டு.”

என் மகள் சமையலறை வாசலுக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் மாவு. இளைத்திருந்தாள். தலையில் முன்பக்கம் கொஞ்சம் நரைத்திருந்தது. அந்த நரை எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“உனக்குத்தான்,” என்று நீட்டினேன்.

“கையெல்லாம் மாவு,” என்றாள். உள்ளே போய்விட்டாள்.

என் மனைவியும் அவள் பின்னாலேயே போனாள். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே குடில். வைக்கோல், மண்பொம்மைகள், ஒரு சின்ன தொட்டில். அதன் பக்கத்தில் பலகைமேல் வரிசையாகப் பதினோரு அட்டைகள். எல்லாம் கடை அட்டைகள். நெருக்கமாக நின்றன. நடுவில் இடம் இல்லை. எண்ணெயில் மாவு விழும் சத்தம் வந்துகொண்டேயிருந்தது. சம்பந்தியம்மா ஒரு கையால் கல்கல் சுருட்டியபடி, விழுப்புரத்தில் பனி எப்படி, மல்லாட்டைக் கடலை என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். அவள் வராமலேயே இருந்துவிட்டால் பெட்டியை அங்கே வைத்துவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா என்று யோசித்தேன். எடுத்துக்கொண்டு போவதுதான் முறை என்று முடிவு செய்தேன்.

குழாய் சத்தம் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் மடியிலிருந்து பெட்டியை எடுத்து மேசையில் வைத்து, மூடியைத் திறந்து, துணியை விலக்கி, அட்டையை இரண்டு கையாலும் வெளியே எடுத்தாள். முதலில் அதை மூடினாள், பிறகு திறந்தாள். பின்பக்கம் திருப்பி மடிப்பை நகத்தால் தடவிப் பார்த்தாள். பள்ளிப் பிள்ளையின் செய்முறை வேலைக்கு மதிப்பெண் போடும் ஆசிரியை எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

“யாரு செஞ்சது?”

“நான்தான்.”

“தடுப்புக்கு என்னா வெச்சீங்க?”

“தீப்பெட்டி.”

“நட்சத்திரம்?”

“வெண்டக்கா. முத்தினது.”

அவள் வாய் ஓரத்தில் ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். பிறகு உள்ளே எழுதியிருந்ததைப் படித்தாள். ஒரே வரிதான். அதைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது.

“நான் இதை வாங்கிக்க மாட்டேன்னு சொன்னா என்னா பண்ணுவீங்க?”

மருமகன் தலையைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தியம்மாவின் கை நின்றது.

“எடுத்துக்கினு போயிடுவேன். அடுத்த வருஷம் வேற செஞ்சி எடுத்துக்கினு வருவேன்.”

“அதுக்கு அடுத்த வருஷம்?”

“இதுவரைக்கும் ஆறு வருஷம் நான் செய்யல. அதையும் சேத்து செய்யணும் இல்ல.”

அவள் என்னை நேராகப் பார்த்தாள். “எனக்கு உங்கமேல இன்னும் கோவம் போகல.”

“தெரியும்.”

“இந்த ஒரு கார்டுல போயிடாது.”

“போகணும்னு கேக்கலம்மா.”

பிறகு அவள் பலகைக்குப் போய், நின்றிருந்த அட்டைகளில் மூன்றை இடப்பக்கமும் நான்கை வலப்பக்கமும் நகர்த்தினாள். நடுவில் ஒரு சாண் இடம் வந்தது. அங்கே என் அட்டையை வைத்துத் தூக்கி நிறுத்தி, தடுப்பில் சரியாக முட்டுகிறதா என்று குனிந்து பார்த்தாள். கையை எடுத்தாள். மற்றவை எல்லாவற்றையும்விட அது குள்ளம். ஓரத்தில் பசை கசிந்த தடம் இருந்தது. ஆனால் அந்த வரிசையில் மனிதன் கையால் செய்தது அது ஒன்றுதான். அங்கே உட்கார்ந்தபடியே நான் அதைக் கவனித்தேன், மறைப்பதற்கில்லை.

“இன்னிக்கி இங்கதான் சாப்பாடு,” என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மருமகன் போய் மின்விசிறியைப் போட்டார். அடுப்பு இரண்டும் எரிந்துகொண்டிருந்த வீடு, மார்கழியிலும் வெந்தது. விசிறி இரண்டு சுற்று வேகமெடுத்ததும் என் அட்டை ஒருமுறை பின்னால் சாய்ந்து, தடுப்பில் முட்டி, மறுபடி நிமிர்ந்தது. சமையலறைக்குள்ளிருந்து என் மகளின் குரல் வந்தது.

“ஃபேன நிறுத்துங்க. கார்டு உழுந்துடும்.”

அவர் நிறுத்தினார். சம்பந்தியம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஏம்மா, ஒரு கார்டுக்காவ நாங்க எல்லாரும் வேர்த்துக்கினு ஒக்காரணுமா?”

“ஒக்காருங்க அத்தை. ஒரு நாளு வேர்த்தா ஒண்ணும் ஆயிடாது.”

அன்றைக்கு அந்த வீட்டில் மாலை வரைக்கும் விசிறி ஓடவில்லை. தேவாலயப் பாட்டுக் குழுவினர் வந்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள், வந்தவர்கள் எல்லோரும் புழுங்குகிறது என்று சுவிட்சுக்குக் கை நீட்டினார்கள். ஒவ்வொருவரையும் என் மகள் தடுத்தாள். நான் சட்டை முதுகோடு ஒட்ட ஒட்ட அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வேர்வையைத் துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.